முதலில் மருந்து, அப்புறம்தான் உரம்: ஆந்திராவின் இருபதாண்டு இயற்கை விவசாயக் கணக்கு

1997-98 பருவத்தில் அன்றைய ஆந்திராவின் வாரங்கல் பக்கம் பருத்தி விவசாயிகள் நூற்றுக்கணக்கில் தற்கொலை செய்துகொண்டார்கள். மழை காலம் தவறிப் பெய்தது, புகையிலைப் புழுவும் காய்ப்புழுவும் வயலை மொட்டையடித்தன, ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் இரண்டைக் கலந்து அடி என்று கடைக்காரர் சொன்னார், அடித்தார்கள், அதற்கும் புழு சாகவில்லை. கடைசியில் பலர் குடித்தது கடனுக்கு வாங்கி வைத்திருந்த அதே மருந்தைத்தான்.

வளரும் நாடுகளில் இயற்கை விவசாயம் எடுபடுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த வட்டாரம்தான். இதன் பக்கத்தில் அடுத்த சில ஆண்டுகளில் தொடங்கிய ஒரு சின்ன முயற்சி, பெயர் மாறி, ஆள் மாறி, மாநிலமே இரண்டாகப் பிரிந்த பிறகும் நிற்காமல், இன்று ஆந்திராவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பெயர் கொடுத்திருக்கும் அரசுத் திட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2024இல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசு, 10 லட்சம் யூரோ, மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டதில் ஒரு பங்கு இந்தத் திட்டத்துக்குப் போனது. மற்ற இருவர் மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழை நாட்டு விவசாயிக்கு இயற்கை விவசாயம் தரும் பெரிய லாபம் கடன் குறைவது. விளைச்சல் கூடுமா, வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்குமா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த லாபம் கையில் வர ஒரு வரிசை இருக்கிறது, பூச்சி மருந்தை முதலில் விட வேண்டும், உரத்தைப் பிறகு, அதுவும் படிப்படியாக. இந்த வரிசையில் போன ஊர்கள் தாக்குப்பிடித்தன. இரண்டையும் ஒரே ராத்திரியில் நிறுத்திய நாடு என்ன ஆனது என்று நமக்குப் பக்கத்திலேயே பார்த்தோம், அதற்கும் வருகிறேன்.

புனுகுலா

இது அன்றைய கம்மம் மாவட்டம் பால்வஞ்சா பக்கத்து ஊர், இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. பருத்தியும் மிளகாயும் முக்கியப் பயிர். குண்டூர் பக்கமிருந்து குடியேறிய விவசாயிகளோடு பருத்தி வந்தது, பருத்தியோடு மருந்துக் கடையும் வந்தது.

அந்தக் கடை எப்படி இயங்கியது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. விதை, உரம், மருந்து மூன்றையும் கடைக்காரரே கடனுக்குத் தருவார். வட்டி கடுமை. அறுவடை முடிந்ததும் பருத்தியை அவரிடமே கொண்டுபோய்ப் போட வேண்டும், விலை அவர் சொல்வது. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை தடவை என்று ஆலோசனை சொல்வதும் அவரேதான். அதாவது மருந்து விற்பவர், வைத்தியர், வட்டிக்காரர், வியாபாரி எல்லாம் ஒரே ஆள். இப்படி ஒரு ஏற்பாட்டில் மருந்து அடிப்பது குறையவே குறையாது, குறைய வேண்டிய காரணம் யாருக்கும் இல்லை. மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ் என்று வரிசையாக மாற்றி மாற்றி அடிக்க, காய்ப்புழு ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொண்டது. புழுவைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும்தான் முதலில் செத்தன.

1999 வாக்கில் செக்யூர் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம் அங்கே வேலையை ஆரம்பித்தது. அவர்கள் 'இயற்கை விவசாயத்துக்கு வாருங்கள்' என்று யாரையும் அழைக்கவில்லை, யூரியாவை விடச் சொல்லவும் இல்லை. பூச்சி மருந்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்றார்கள். மருந்தில்லாப் பூச்சி மேலாண்மை என்று அதற்குப் பெயர். கேட்க அரைகுறையாகத் தெரியும், ஆனால் எனக்கென்னவோ இந்த இருபதாண்டுக் கதையிலேயே புத்திசாலித்தனமான முடிவு இதுதான்.

நடைமுறையில் என்ன செய்தார்கள்? கோடை உழவில் மண்ணைப் புரட்டிப் போட்டார்கள், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை வாயிலும் போகட்டும் என்று. கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சி முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பும், அந்தச் சில நாள் சாயங்காலங்களில் வயல் வரப்பில் தீ மூட்டி வைத்தார்கள், வெளிச்சத்துக்கு வந்து விழுந்து செத்தது. இது ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பிரயோஜனம் இல்லை, ஊரே ஒரே நேரத்தில் மூட்ட வேண்டும், ஆகவே பூச்சியை ஒழிக்க முதலில் ஊரைக் கூட்ட வேண்டியிருந்தது. பருத்திக்கு நடுவே ஆமணக்கு வைத்தார்கள், புகையிலைப் புழுவின் தாய்ப்பூச்சி அங்கே போய் முட்டையிடும், அந்த இலையை மட்டும் பறித்து அழித்தால் போதும். காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி. கரிச்சான் வந்து உட்கார வயலுக்குள் பறவை தாங்கிக் குச்சிகள். எவ்வளவு பூச்சி வருகிறது என்று எண்ணிப் பார்க்க இனக்கவர்ச்சிப் பொறி. இத்தனையையும் மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டருக்குத் தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பது. வெயிலில் அடித்தால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். புழுவை இது உடனே கொல்லாது, தின்னவிடாமல் செய்யும், தோல் உரிப்பதைக் கெடுக்கும், அதனால் மறுநாள் வந்து பார்த்து 'புழு அப்படியேதான் இருக்கிறது' என்று பழைய கடைக்கு ஓடியவர்களும் இருந்திருப்பார்கள். பொறுமையைக் கற்றுக்கொடுப்பதுதான் இதில் கஷ்டமான பாடம்.

2001-02இல் எட்டுப் பேர் பருத்தியில் இதைச் செய்து பார்த்தார்கள். விளைச்சல் பக்கத்து வயல்களுக்குக் குறையவில்லை, பயிர்ப் பாதுகாப்புச் செலவு ஏறக்குறைய பாதியானது, அந்த வருடம் மருந்தடித்தவர்கள் நஷ்டத்தில் நிற்க இவர்கள் கையில் கொஞ்சம் மிஞ்சியது. அதற்கு மேல் பிரசாரம் தேவைப்படவில்லை. அடுத்த பருவத்தில் பல மடங்கு ஆள் சேர்ந்தார்கள். 2004இல் பூச்சி மருந்து இல்லாத ஊர் என்று பஞ்சாயத்தே தீர்மானம் போட்டது.

கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இனிமேல் கடன் கிடையாது, பருத்தியும் வாங்க மாட்டோம் என்ற மிரட்டல் வந்தது. இங்கேதான் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ளே வந்தன, குழுவின் கடன் இருந்ததால் கடைக் கடன் இல்லாமல் ஒரு பருவத்தை ஓட்ட முடிந்தது. வேப்பங்கொட்டை பொடிக்கும் இயந்திரம் வாங்கி, பொறுக்கி வரும் கொட்டைக்கும் காசு, பொடி விற்றாலும் காசு என்று ஆனது. மருந்துக் கடைக்குப் போன பணத்தில் ஒரு பகுதி ஊருக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. இயற்கை விவசாயத்தின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஏக்கருக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், அந்த மிச்சம் யார் கையில் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து மாநிலத்துக்கு

இதைப் பார்த்த மாநில அரசின் வறுமை ஒழிப்புச் சங்கம் 2004-05 வாக்கில் கையில் எடுத்தது. அதன் பொறுப்பில் இருந்த ஐஏஎஸ் அதிகாரி விஜயகுமார்தான் பின்னால் இயற்கை விவசாயத் திட்டத்துக்கும் முகமானவர். நீடித்த வேளாண்மை மையம் என்ற ஹைதராபாத் அமைப்பு தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது. வேளாண் துறையின் வழக்கமான வழியில், அதாவது அதிகாரி வந்து கூட்டம் போட்டுத் துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போவது என்ற வழியில் போகாமல், ஏற்கெனவே ஊர் ஊராக இருந்த லட்சக்கணக்கான மகளிர் குழுக்கள் வழியாகப் போனார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் பக்கத்து ஊர் விவசாயி, அவரே செய்து பார்த்தவர். 2009க்குள் சுமார் 3 லட்சம் விவசாயிகள், 13 லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. சாகுபடிச் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது, விளைச்சல் விழவில்லை என்று உலக வங்கியின் ஆய்வே சொன்னது. அடகு வைத்த நிலத்தை மீட்டவர்களும் உண்டு.

சரி, இதில் ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். பிடி பருத்தி, அதாவது காய்ப்புழுவைத் தானே கொல்லும்படி மரபணு மாற்றிய பருத்தி, 2002இல் அனுமதி பெற்று அடுத்த சில ஆண்டுகளில் ஆந்திரா முழுக்கப் பரவியது. காய்ப்புழுவுக்கான மருந்து குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆகவே மாநில அளவில் மருந்து விற்பனை குறைந்ததை மொத்தமாக இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, இயற்கை விவசாய மேடைகளில் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். புனுகுலாவின் முதல் கணக்குகள் பிடி பரவுவதற்கு முந்தியவை, அதனால்தான் அந்தச் சின்ன ஊரின் எண்களை நான் பெரிய எண்களைவிட நம்புகிறேன். மிளகாய், துவரை, நெல் என்று பிடி இல்லாத பயிர்களிலும் இதே முறை நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் வாரங்கல் பக்கம் ஏனபாவி என்ற சின்ன ஊர் ஒரு படி மேலே போனது. அங்கேயும் முதலில் மருந்தை விட்டார்கள், சில வருடம் கழித்துத்தான் ரசாயன உரத்தை விட்டார்கள், 2006இல் ஊரே இயற்கை விவசாய ஊர் என்று அறிவித்துக்கொண்டது.

தழைச்சத்து எங்கிருந்து வரும்?

2015-16இல், பிரிந்த ஆந்திராவில் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் மகாராஷ்டிர விவசாயி சுபாஷ் பாலேக்கரின் 'செலவில்லா இயற்கை விவசாயத்தை' எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டத்தை ஆரம்பித்தது. இப்போது உரத்தையும் விட வேண்டும். சண்டை தொடங்கியது இங்கேதான். 2019 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் செலவில்லா விவசாயத்தைப் புகழ்ந்து பேச, சில வாரங்களில் தேசிய வேளாண் அறிவியல் கழகம் 'இது நிரூபிக்கப்படாத தொழில்நுட்பம், அரசு இதில் பணம் போடக் கூடாது' என்று எதிர்த்து நின்றது.

இரண்டு தரப்பும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம். காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கோதாவரி டெல்டாவில் ஒரு ஏக்கரில் 75 கிலோ மூட்டை 32 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், 2,400 கிலோ நெல். அந்தப் பயிர் தானியத்திலும் வைக்கோலிலுமாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து (நைட்ரஜன்) 40 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பாலேக்கர் முறையில் வயலுக்கு விடும் ஜீவாமிர்தம் என்ற கரைசல் ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர். இந்த டிரம் முழுவதிலும் உள்ள தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. எட்டுத் தடவை விட்டாலும் 2 கிலோ. 400 கிலோ கன ஜீவாமிர்தம், அதாவது அதன் உலர்ந்த வடிவம், போட்டால் இன்னொரு 5 கிலோ. ஆக ஜீவாமிர்தம்தான் உரம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள், விஞ்ஞானிகள் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் வயல் ஒன்றும் காலியான பாத்திரம் இல்லை. நீர் நிற்கும் நெல் வயல் நீங்கள் ஒன்றுமே போடாவிட்டாலும் நீலப்பச்சைப் பாசி வழியாகவும் மண்ணில் இருக்கும் மட்கு வழியாகவும் ஏக்கருக்கு 20 கிலோ அளவில் பயிருக்குக் கொடுக்கும். மீதிப் பத்துப் பதினைந்து கிலோ எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், அது வரும் இடம் பயறு வகைதான். தக்கைப்பூண்டு நன்றாக வளர்த்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 கிலோ வரை தரும். நம் ஊர் இயற்கை விவசாயிகள் பலதானிய விதைப்பு என்று செய்வது இதேதான். ஆந்திராக்காரர்கள் இதைக் கோடைக்குக் கொண்டுபோனார்கள். 2018 முதல் அனந்தபூர் போன்ற வறண்ட மாவட்டங்களில், மழைக்கு முன்பே, ஏப்ரல் மே வெயிலில், பதினைந்து இருபது வகை விதைகளைக் களிமண்ணும் சாம்பலும் கன ஜீவாமிர்தமும் பூசி உருட்டிக் காய்ந்த மண்ணில் விதைத்து, மேலே கடலைத் தோலையோ வைக்கோலையோ மூடிவிடுகிறார்கள். கோடையில் எப்போதாவது விழும் தூறலுக்கே அது முளைத்துவிடுகிறது. மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குக் கீரை, மீதி மண்ணுக்கு. வருடம் 365 நாளும் மண்மேல் ஏதாவது பச்சை இருக்க வேண்டும் என்பது இப்போது அந்தத் திட்டத்தின் தாரக மந்திரம். 'செலவில்லா' என்ற பெயரை விட்டுவிட்டு 2020இல் 'சமூகம் நடத்தும் இயற்கை விவசாயம்' என்று பெயர் மாற்றினார்கள், எனக்கு அது நேர்மையான மாற்றமாகப் பட்டது.

இப்போது வரிசையின் காரணம் புரியும். பூச்சி மருந்தின் இடத்தை அறிவால் நிரப்பலாம். எந்தப் பூச்சி எப்போது முட்டையிடும் என்று தெரிந்தால், பக்கத்து வயல்காரரும் ஒத்துழைத்தால், முதல் பருவத்திலேயே செலவு இறங்கும், விளைச்சல் இறங்காது. உரத்தின் இடத்தை அறிவு மட்டும் நிரப்பாது. இலைதழை வேண்டும், சாணம் வேண்டும், இரண்டு மூன்று வருடம் வேண்டும்.

இலங்கை செய்தது

2019 தேர்தல் அறிக்கையில் கோட்டாபய ராஜபக்ச சேதன விவசாயத்துக்கு (இயற்கை விவசாயத்துக்கு அங்கே அதுதான் பெயர்) மாற 10 ஆண்டு என்றுதான் சொல்லியிருந்தார். 2021 மே 6ஆம் தேதி வர்த்தமானி (அரசிதழ்) வந்தது, ரசாயன உரமும் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் இறக்குமதி செய்யத் தடை. நோக்கம் உடல் நலம் என்றார்கள், கையில் டாலர் இல்லாததும் ஒரு காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். 1962 முதல் உர மானியத்திலேயே வளர்ந்த விவசாயம் அது.

மேலே போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பெரும்போகத்தில், அதாவது பெரிய நெல் பருவத்தில், 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல். மட்கு உரத்தில் தழைச்சத்து சதவீதம் ஒன்று, ஒன்றரை. ஹெக்டேருக்கு 5 டன் போட்டால் கிடைப்பது 50, 75 கிலோ, அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். அந்த 5 டன்னுக்கே நெல்லுக்கு மட்டும் 35 லட்சம் டன் மட்கு தேவை, சில மாதத்தில். இருந்தால்தானே? சீனாவிலிருந்து சேதனப் பசளை (இயற்கை உரம்) தருவித்தார்கள், ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் வந்த சரக்கில் நோய்க்கிருமி இருக்கிறது என்று இலங்கை ஆய்வகம் சொல்ல, சரக்கை இறக்கவே இல்லை, ஆனாலும் கடைசியில் 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. எச்சரித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாறம்பே அரசுக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பர் 24ஆம் தேதி தடையை விலக்கினார்கள், அதற்குள் பெரும்போக நாற்று மஞ்சள் அடித்துவிட்டது. 2021இல் சுமார் 51 லட்சம் டன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022இல் 34 லட்சம் டன்னுக்கு வந்தது. தேயிலை சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு. 2022 சிறுபோகத்தின் (சின்னப் பருவத்தின்) சரிவில் எரிபொருள் இல்லாததற்கும் உரம் வாங்கக் காசில்லாததற்கும் பங்கு இருக்கிறது, எல்லாவற்றையும் தடை தலையில் போட முடியாது. ஆனால் கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் வயலில் நின்றவர்களுக்கும், கொழுந்து குறைந்து போனதால் கிலோக் கணக்குக் கூலி குறைந்த மலையகத் தொழிலாளிக்கும் இந்த நுணுக்கம் ஆறுதலாக இருந்திருக்காது.

இலங்கையைக் காட்டி 'இயற்கை விவசாயம் என்றாலே பட்டினி' என்று இன்றுவரை பேசுகிறார்கள். தடை என்பது ஒரு விவசாய முறை அல்ல. புனுகுலாவில் எட்டுப் பேரில் தொடங்கி ஊர் மாற மூன்று பருவம் ஆனது, அதுவும் மருந்தை மட்டும் விட.

யாருக்கு எவ்வளவு மிச்சம்

இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. இந்த விலையில் யூரியாவை விடச் சொன்னால் விவசாயிக்கு என்ன மிச்சம்? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், பதிலாகச் சாணம் அள்ளவும் டிரம்மைக் கலக்கவும் களை எடுக்கவும் ஆள் கூலிதான் ஏறும், அல்லது வீட்டுப் பெண்களின் வேலை ஏறும், அதை யாரும் செலவில் எழுதுவதில்லை. யூரியாவை விடுவதால் பெரிய மிச்சம் அரசுக்கு. 2022-23இல் மத்திய அரசின் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு, மாநிலப் பங்கும் சேர்த்து, 2,481 கோடி. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஒரு பக்கம் யூரியாவைப் பாதி விலைக்கும் கீழே கொடுத்துக்கொண்டே மறுபக்கம் 'மண்ணைக் காப்பாற்று' என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. உரத்தை விட்டவருக்கு அந்த மானியத்தில் ஒரு பங்கை நேரடியாகக் கொடுத்தால் கதை வேகமாக நகரும்.

விற்பனையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பதி தேவஸ்தானம் பிரசாதத்துக்கு இயற்கை விளைபொருள் வாங்க ஏற்பாடு செய்தது, அரக்கு மலைக் காபி பாரிஸ் வரை போனது. மற்றபடி பெரும்பாலான விளைச்சல் சாதாரண மண்டியில் சாதாரண விலைக்குத்தான் போகிறது. சான்றிதழ் வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அதிக விலை வரும் என்று சொல்லி ஆள் சேர்ப்பது ஆபத்து, செலவு குறையும் என்று சொல்லிச் சேர்த்தால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. சகாராவுக்குத் தெற்கே ஹெக்டேருக்கு 20 கிலோ அளவில்தான் ரசாயன உரமே போடுகிறார்கள், விடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சேர்ப்பதற்குத்தான் இருக்கிறது. அதனால்தான் ஐநாவின் இரண்டு அமைப்புகள் 2008இல் 24 ஆப்பிரிக்க நாடுகளின் 114 திட்டங்களைத் தொகுத்தபோது விளைச்சல் இரண்டு மடங்கைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. ஒன்றும் போடாத நிலத்தில் சாணமும் பயறும் போட்டால் கூடத்தானே செய்யும். கென்யாவில் இசிபே ஆய்வு நிறுவனம் கொண்டுவந்த தள்ளு-இழு முறை எனக்கு மிகவும் பிடித்த உதாரணம்: மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி, சுற்றிலும் நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாடை தண்டுத்துளைப்பானை விரட்டும், நேப்பியர் இழுத்துக்கொள்ளும், டெஸ்மோடியத்தின் வேர் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையை அடக்கும், கூடவே தழைச்சத்தும் சேர்க்கும், இரண்டுமே மாட்டுக்குத் தீவனம். புனுகுலாவின் ஆமணக்குக்கு இது நெருங்கிய சொந்தம்.

குத்தகைக்காரர்

ஆந்திரத் திட்டம் இன்னும் தாண்டாத சுவர் இதுதான். 2018இல் அறிவித்த இலக்கு 2024க்குள் 60 லட்சம் விவசாயிகள், 80 லட்சம் ஹெக்டேர். 2024இல் வந்து நின்றது 10 லட்சம் பேர் அளவில், அதிலும் பெயர் கொடுத்தவர் எல்லோரும் முழு நிலத்தையும் மாற்றியவர் அல்ல. ஒரு ஏக்கரில் வீட்டுக்கு, மீதியில் பழையபடி என்பது சகஜம். காரணம் கேட்டால் ஆள் கூலி, சந்தை, பழக்கம் என்று பல சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே டெல்டாவில் உழுகிறவர்களில் பெரும் பகுதி குத்தகைக்காரர்கள். எழுத்து இல்லாத வாய்வழிக் குத்தகை, அடுத்த வருடம் இந்த வயல் தனக்குக் கிடைக்குமா என்று தெரியாது. அவர் ஏன் மூன்று வருடம் கழித்துப் பலன் தரும் மட்கை அடுத்தவர் நிலத்தில் சேர்க்க வேண்டும்? இன்று போட்டால் ஒரு வாரத்தில் பச்சை காட்டும் யூரியாதான் அவர் நிலைமைக்குச் சரியான முடிவு, அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பூச்சி மருந்தை விடுவது அவருக்கும் கட்டுப்படியாகும். அதன் பலன் அந்தப் பருவத்திலேயே கையில் வந்துவிடுகிறது, நிலம் யார் பெயரில் இருந்தால் என்ன. திட்டத்தை நடத்துபவர்கள் டெல்டா குத்தகைக்காரரிடம் ஜீவாமிர்த டிரம்மோடு போவதைவிட இனக்கவர்ச்சிப் பொறியோடும் வேப்பங்கொட்டைப் பொடியோடும் போனால் கதவு திறக்கும் என்று நினைக்கிறேன். உரம் பற்றிய பேச்சை, குத்தகைக்கு மூன்று வருட எழுத்து ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்த பிறகு அவரிடம் ஆரம்பிக்கலாம்.